மீன்தொட்டிக்கு உறைந்த உணவு: பார்த்து வாங்கும் முறை



கொல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறோம். நாய் வளர்க்க வீட்டுச் சொந்தக்காரர் இசைய மாட்டார். பூனை என்றால் பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பார்கள். ஆகவே, ஏதாவது ஒன்றை வளர்த்தே தீருவேன் என்று பிள்ளைகள் அடம் பிடிக்கும்போது, அது பெரும்பாலும் ஒரு மீன்தொட்டியில் வந்து முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாக்பஜார் பக்கம் காலிஃப் ஸ்ட்ரீட் சந்தைக்குப் போனால், மீன், பறவை, செடி என்று தெரு முழுவதும் கடை விரித்திருப்பார்கள். பாலிதீன் பையில் நான்கு மீனுடன் திரும்புவது எளிது. அவற்றுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஏ.ஸி. பெட்டிகளின் பராமரிப்பில் கழித்து ஓய்வு பெற்றவன். குளிரைக் காப்பாற்றுவதே என் பிழைப்பாக இருந்தது. பேரன் பேத்திகளின் மீன்தொட்டியைக் கவனிக்கும் பொறுப்பு வந்தபோது, கடைகளில் விற்கும் ‘ஃப்ரோஸன்’ உணவைப் பற்றிப் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பாடமாகத் தருகிறேன். மீன் விஷயம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். இது வீட்டின் பிரிட்ஜுக்குள் வருகிற பொருள். பிள்ளைகளின் கை படுகிற பொருள்.

1. உறைந்த உணவு எதற்கு?

மீன்களுக்கு நாம் தரும் உணவு மூன்று வகை. முதலாவது, உயிருள்ள புழு. இரண்டாவது, உலர்ந்த குருணையும் தகடும். மூன்றாவது, உறைய வைத்தது.

உயிருள்ள உணவை மீன்கள் பாய்ந்து தின்னும். ஆனால் சந்தையில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு நூல்போல் நெளியும் டியூபிபெக்ஸ் புழு எங்கே விளைகிறது என்று கேட்டுப் பாருங்கள். அது சாக்கடைக் கால்வாய்களின் சேற்றில் வாழ்வது. அந்தச் சேற்றில் உள்ள கிருமிகளும் உலோகக் கழிவுகளும் அதன் உடலோடு தொட்டிக்கு வந்து சேர வாய்ப்பு உண்டு. உலர்ந்த உணவு சுத்தமானது, மலிவானது, அன்றாடத்துக்கு ஏற்றது. ஆயினும் சில மீன்கள் அதைத் தொடுவதே இல்லை. குட்டி போடும் பருவத்திலும், நோயிலிருந்து தேறும் காலத்திலும் ஈரமான இயற்கை உணவை அவை விரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது உறைந்த உணவு. நீண்ட நாள் உறைநிலையில் இருப்பதால் ஒட்டுண்ணிகள் பல அழிந்துவிடுகின்றன.

‘பல’ என்று சொன்னேன், ‘எல்லாம்’ என்று சொல்லவில்லை. நுண்கிருமிகளில் ஏராளமானவை குளிரில் சாவதில்லை. வளராமல் தூங்குகின்றன, அவ்வளவுதான். குளிர் கொல்லாது, நிறுத்தி வைக்கும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

2. உறைதலின் விஞ்ஞானம்

நாம் வாங்கும் புழுக்கட்டியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமன் கூடுகிறது. மெதுவாக உறைந்தால் பெரிய ஊசி போன்ற பனிப் படிகங்கள் உண்டாகி, உயிரணுக்களின் சுவரைக் கிழித்துவிடும். விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறு மணலாக நிற்கும், சுவர் பிழைக்கும். மைனஸ் 1 முதல் மைனஸ் 5 டிகிரி செல்சியஸ் வரையுள்ள பகுதியை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறோமோ அவ்வளவு நல்லது. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, அங்குள்ள பழங்குடியினர் கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்தும் அது ருசி மாறாமல் இருப்பதையும் கண்டார். 1920-களில் அவர் அதை இயந்திர முறையாக்கியதே இன்றைய உறைந்த உணவுத் தொழிலின் தொடக்கம்.

தொழிற்சாலையில் விரைவாக உறைந்த கட்டி, வழியில் உருகி, கடைக்காரரின் சாதாரண ஃப்ரீஸரில் மீண்டும் உறைந்தால் என்ன ஆகும்? இரண்டு கேடுகள். ஒன்று, இரண்டாம் முறை மெதுவாக உறைவதால் உயிரணுக்கள் கிழிந்து சாறு வெளியேறுகிறது. மற்றொன்று, உருகிக் கிடந்த சில மணி நேரத்தில் தூங்கிய கிருமிகள் விழித்துப் பெருகிவிடுகின்றன. மறுபடி உறைந்ததும் அவை சாவதில்லை, கூடிய எண்ணிக்கையோடு தூங்கப் போகின்றன. கட்டி பார்வைக்குப் பழையபடி கல்லாக இருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், டாலிகஞ்சில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாலையில் அடித்த கால்பைசாகிப் புயலில் மரம் விழுந்து, அடுத்த நாள் காலை வரை மின்சாரம் இல்லை. அதற்கு மறுநாள் வழக்கம்போல் புழுக்கட்டி ஒன்றைத் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். இரவுக்குள் தண்ணீர் பால்போல் கலங்கியது. காலையில் ஏஞ்சல் மீன் நான்கில் மூன்று மிதந்தன. அந்த வீட்டு எட்டு வயதுப் பெண் என்னிடம், “தாத்தா, நான் தினமும் சரியாத்தானே போட்டேன்?” என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் போட்டாள். அட்டையை வாங்கிப் பார்த்தேன். கட்டிகள் குழிக்குள் சரிந்து, ஒரு பக்கம் சிவப்புச் சாறு தனியாக உறைந்து கிடந்தது. அந்தச் சாறு நீரில் கரைந்தால் கிருமிகளுக்கு விருந்து. அவை பெருகும்போது நீரில் உள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். அழுகலில் பிறக்கும் அமோனியா மீனின் செவுளை அரிக்கும். புயலைத் தடுக்க முடியாது. ஆனால் அந்த அட்டையைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

3. எந்தப் பிராணிக்கு எந்த உணவு?

கடைக்குப் போகும் முன் இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கடையில் இருப்பதெல்லாம் நம் தொட்டிக்குப் பொருந்தாது.

பிளட் வார்ம்: பெயர்தான் புழு. உண்மையில் இது கடிக்காத ஒருவகைக் கொசுவினத்தின் இளம்பருவம். நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால் சிவப்பு நிறம். புரதச் சத்து மிகுதி. ஃபைட்டர், ஏஞ்சல், டெட்ரா, ஆஸ்கர் போன்ற மாமிச உணவு மீன்களுக்கு வாரம் இரண்டு மூன்று முறை தரலாம். ஃபைட்டருக்கு ஒரு வேளைக்கு மூன்று நான்கு புழுக்களே போதும். அதன் வயிறு ஏறக்குறைய அதன் கண்ணளவுதான்.

ஆர்ட்டீமியா: உப்பு ஏரிகளில் வாழும் சிற்றிறால். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பெரிய உப்பு ஏரி இதற்குப் பெயர் பெற்றது. முட்டையிலிருந்து அப்போதே வெளிவந்த குஞ்சுகளில் கருச்சத்து மிகுந்திருக்கும். கப்பி, டெட்ரா, மீன்குஞ்சு ஆகியவற்றுக்கு ஏற்றது. வளர்ந்த ஆர்ட்டீமியாவில் சத்து குறைவு, ஆனால் எளிதில் செரிக்கும்.

டாஃப்னியா: நீர்த்தெள்ளு என்பார்கள். இதன் ஓடு நார்ச்சத்துபோல் வேலை செய்வதால், மலச்சிக்கலால் வயிறு உப்பும் மீன்களுக்கு நல்லது.

மைசிஸ்: இறால் போன்ற சிற்றுயிர். கொழுப்புச் சத்து நல்ல தரமானது. கடல் மீன் வளர்ப்போர் பெரிதும் நாடுவது.

ஸ்பைருலினா கலந்த கட்டி: பாசி உண்ணும் மீன்களுக்கு உரியது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த, பாறைப் பாசியை மேயும் வண்ண மீன்களுக்குப் பிளட் வார்ம் தொடர்ந்து கொடுத்தால் வயிறு உப்பிச் செத்துப்போகும். மாட்டின் முன் மீன் குழம்பு வைத்த கதைதான்.

கோல்டு பிஷ்: இதற்கு இரைப்பை என்று தனியாகக் கிடையாது, வாயிலிருந்து நேரே குடல். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். டாஃப்னியாவும், வேக வைத்துத் தோல் உரித்த பச்சைப் பட்டாணியும் நன்று. பிளட் வார்ம் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

ஆமை: முதலில் சட்டம். நம் நாட்டு ஆமைகளை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் வாங்காதீர்கள். கன்னத்தில் சிவப்புக் கோடுள்ள வெளிநாட்டு ஆமை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதற்கு உறைந்த இறாலை மட்டும் போட்டு வளர்க்கக் கூடாது. ஏ-வைட்டமின் குறைந்து கண் வீங்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்து ஓடு மெத்தென்றாகும். இறால் பலகாரம்போல் எப்போதாவது இருக்கலாம். அன்றாடத்துக்கு ஆமைக் குருணையும், பூசணி, கேரட் துருவலும், வெயிலும் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சில மீன்களிலும் இறால்களிலும் தயாமினேஸ் என்றொரு நொதி உள்ளது. அது பி-1 வைட்டமினை அழித்துவிடும். அமெரிக்காவில் 1930-களில் நரிப் பண்ணைகளில் பச்சை மீனைத் தின்ற நரிகள் கால் விளங்காமல் மடிந்தபோதுதான் இது வெளிப்பட்டது. உறைய வைப்பதால் இந்த நொதி அழிவதில்லை. ஆகவே அரோவானா, ஆஸ்கர், ஆமை எதுவானாலும் ஒரே வகை இறாலையோ மீனையோ மாதக்கணக்கில் போடாதீர்கள். மாற்றி மாற்றித் தருவதே மருந்து.

4. கடையில் பார்க்க வேண்டியவை

(அ) கட்டியின் வடிவம். மாத்திரை அட்டைபோல் குழிகள் கொண்ட அட்டையில் ஒவ்வொரு கட்டியும் குழியை நிரப்பி, விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்திருந்தால், அட்டை சாய்ந்திருந்த நிலையில் உருகி உறைந்தது என்று பொருள்.

(ஆ) சாறு. புழுவும் பனியும் கலந்து ஒரே சீராக இருக்க வேண்டும். புழு அடியிலும் நிறச் சாறு மேலிலுமாகப் பிரிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

(இ) உருவம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தனித்தனிப் புழு தெரிய வேண்டும். துவையல்போல் கூழாக இருந்தால் வேண்டாம்.

(ஈ) நிறம். பிளட் வார்ம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்போ கறுப்போ ஏறியது பழையது. ஆர்ட்டீமியா இளஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சு வரை இருக்கலாம்.

(உ) உறைபனி. உறைக்குள் வெள்ளைப் பனித்தூள் அடர்ந்து, கட்டி சுருங்கியிருந்தால், குளிர் ஏறி இறங்கியிருக்கிறது. கட்டியிலிருந்த ஈரம் வெளியேறி உறையில் படிந்திருக்கிறது.

(ஊ) அச்சிட்ட விவரம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடை அளவு விதிகளின்படி நிகர எடை, விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி ஆகியவை இருக்க வேண்டும். தேதியும் பாருங்கள். வெறும் பாலிதீனில் முடிச்சுப் போட்டுத் தருவதை வாங்க வேண்டாம்.

சில உறைகளில் ‘காமாக் கதிர் பாய்ச்சியது’ என்றிருக்கும். பயப்பட வேண்டாம். கதிர் கிருமிகளைக் குறைக்குமே தவிர, உணவில் கதிரியக்கம் தங்காது. நாசிக் அருகே லாசல்காவ் நிலையத்தில் கதிர் பாய்ச்சிய நம் மாம்பழங்கள் 2007 முதல் அமெரிக்காவுக்கே போயிருக்கின்றன. ஆனால் கதிர் பாய்ச்சிய கட்டியும் பிறகு உருகினால் கெட்டுப்போகும் என்பதை மறக்க வேண்டாம்.

கடைக்காரரின் ஃப்ரீஸரையும் ஒரு கண் பாருங்கள். மூடி சரியாகப் பொருந்துகிறதா, இரவில் கடையை மூடும்போது மெயின் சுவிட்சை அணைக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். ‘தாதா, ராத்திரி ஃப்ரீஸர் ஓடுமா?’ என்று கேட்பதில் குற்றமில்லை. அவர் எரிச்சல் அடைந்தால், வேறு கடை பார்ப்பதற்கு அதுவே காரணம்.

5. வீட்டுக்குக் கொண்டுவருதல்

தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த, கிராமுக்கு 1 கலோரி போதும். ஆனால் ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 80 கலோரி வேண்டும். இந்த மறை வெப்பம்தான் நம்மைக் காப்பாற்றுவது. 100 கிராம் அட்டை ஒன்று தனியே வந்தால் சட்டைப் பையிலேயே உருகிவிடும். நான்கு அட்டைகளைச் சேர்த்துக் கட்டி, மூன்று நான்கு தாள் செய்தித்தாள் சுற்றி, தெர்மோகோல் பெட்டியில் வைத்தால், ஷியாம்பஜாரிலிருந்து காளிகாட் வரை மெட்ரோவில் நிம்மதியாக வரலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை வாங்கிப் பகிர்ந்துகொள்வது செலவுக்கும் நல்லது, குளிருக்கும் நல்லது. மற்ற சாமான்களை எல்லாம் வாங்கிய பிறகு, கடைசியாக இதை வாங்குங்கள்.

6. வீட்டு ஃப்ரீஸரின் நிலை

உறைந்த உணவுக்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட அளவு மைனஸ் 18 டிகிரி. நம் வீட்டு ஃப்ரீஸர் அதை எட்டுகிறதா? இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பிரிட்ஜ் கதவில் ஒட்டியுள்ள வண்ண நட்சத்திரங்கள், எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய திட்டத்தின்படி மின்சாரச் சிக்கனத்தைக் காட்டுபவை. குளிருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஃப்ரீஸர் கதவிலோ உள்ளேயோ அச்சிட்டிருக்கும் நட்சத்திரக் குறிகள் வேறு: ஒன்று என்றால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. ஒற்றைக் கதவு பிரிட்ஜ்கள் பலவற்றில் மைனஸ் 18 கிடைப்பது அரிது. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

நாணயச் சோதனை: நாம் ஆண்டுக்கு ஒருமுறையாவது வீட்டைப் பூட்டிக்கொண்டு மெயிலிலோ கோரமண்டலிலோ ஊருக்குப் போகிறோம். இல்லாத நாட்களில் மின்சாரம் நின்றதா என்பது எப்படித் தெரியும்? ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் பெரிய உருகல் இல்லை. அடியில் கிடந்தால் கிண்ணம் முழுவதும் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. மீன் உணவை மட்டுமல்ல, அங்கிருந்த ஐஸ்கிரீமையும் பட்டாணியையும் குப்பையில் போடுங்கள். நாணயம் மேலே இருந்தாலும் கட்டியின் வடிவத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. குறைந்த நேர உருகலை நாணயம் காட்டாது.

உப்புநீர்ப் புட்டி: மின்வெட்டைத் தாங்க ஃப்ரீஸரில் தண்ணீர்ப் புட்டிகளை உறைய வைப்போர் உண்டு. நல்ல யோசனை, ஆனால் ஒரு குறை. வெறும் நீர் 0 டிகிரியில் உருகும். புழுக்கட்டியில் உப்பும் சத்தும் கலந்திருப்பதால் அது மைனஸ் 1 அளவிலேயே இளகத் தொடங்கும். காவல்காரன் விழிப்பதற்குள் திருடன் உள்ளே வந்துவிடுகிறான்! ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் அதன் உறைநிலை சுமார் மைனஸ் 3-க்கு இறங்கும். அந்தப் புட்டி முதலில் உருகத் தொடங்கி, வருகிற வெப்பத்தைத் தான் வாங்கிக்கொண்டு கட்டியைக் காக்கும். குல்பிக்காரர் பானையில் பனிக்கட்டியோடு உப்பைக் கொட்டுவதும் இதே தத்துவம். பிளாஸ்டிக் புட்டியில் முக்கால் அளவே நிரப்புங்கள். உறையும்போது பருக்க இடம் வேண்டும். புட்டியின் மேல் ‘உப்புநீர், குடிக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள். மின்சாரம் நின்றதும் முதல் விதி: ஃப்ரீஸர் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

சந்தையில் கிடைக்கும் குச்சோ சிங்ரி என்ற சிற்றிறாலை வாங்கி வீட்டிலேயே உறைய வைப்பவர்கள், அதைக் கழுவி நறுக்கி, உருண்டையாக வைக்காமல் பையில் தோசைபோல் மெல்லியதாகப் பரப்புங்கள். கனம் பாதியானால் உறையும் நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். வேண்டும்போது ஒரு துண்டு ஒடித்து எடுக்கலாம்.

7. தொட்டியில் இடும் முறை

கட்டியை அப்படியே தொட்டியில் எறிவதும், வெந்நீரில் உருக்குவதும் சரியல்ல. ஒரு சிறு கிண்ணத்தில் தொட்டி நீரையே எடுத்து, கட்டியை ஐந்து பத்து நிமிடம் போட்டு வையுங்கள். உருகியதும் மீனுக்கென்றே ஒதுக்கிய டீ வடிகட்டியில் ஊற்றி, சாற்றைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டியில் நிற்பதை மட்டும் இடுங்கள்.

100 கிராம் அட்டையில் 30 கட்டி இருந்தால் ஒரு கட்டி 3 கிராம் சொச்சம். கப்பி அளவுள்ள ஆறேழு மீன்களுக்குக் கால் கட்டியே தாராளம். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே அளவு. மீதியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டால் வளர்ந்த மீனுக்குத் தீங்கில்லை. தை மாதக் குளிரில் ஹீட்டர் இல்லாத தொட்டியில் செரிமானம் மந்தமாகும், அப்போது அளவைக் குறையுங்கள். உருகி மிஞ்சியதை மீண்டும் ஃப்ரீஸரில் வைக்கவே கூடாது.

8. வீட்டார் நலமும் சைவ பிரிட்ஜும்

பிளட் வார்மின் ஹீமோகுளோபின் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும். கை அரிப்பு, கண் எரிச்சல், தும்மல், மூச்சிரைப்பு வரை போகலாம். உலர்த்திய பிளட் வார்மின் தூசி இதைவிட மோசம். ஆஸ்துமா உள்ள குழந்தையிடம் இந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். கையுறையோ இடுக்கியோ பயன்படுத்துங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆமை வளர்க்கும் வீட்டில் இது இரட்டிப்புக் கட்டாயம். ஆமைகள் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை என்பதால்தான், அமெரிக்காவில் 1975-இலேயே சிறிய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தார்கள்.

அடுத்து, நம்மில் பலர் வீட்டில் எழும் கேள்வி. பிரிட்ஜில் பால், தயிர், சுவாமி நைவேத்தியத்துக்கு வைத்த தேங்காய் இருக்கும் இடத்தில் புழுவை வைப்பதா? பாட்டி ஒப்புக்கொள்வாரா? ஒளித்து வைப்பது தீர்வல்ல. தெரிய வரும் நாளில் மீனும் போகும், பிள்ளையின் மனமும் நோகும். இதற்கு இரண்டு வழி உண்டு. சம்மதம் இருந்தால், காற்றுப் புகாத டப்பாவுக்குள் அட்டையை வைத்து, அதை இன்னொரு பையில் கட்டி, பெயர் எழுதி, ஃப்ரீஸரில் அடித்தட்டில் தனி இடம் ஒதுக்குங்கள். சம்மதம் இல்லையென்றால், மீனைத் தேர்ந்தெடுக்கும்போதே வீட்டுக்கு ஏற்ற மீனாகப் பாருங்கள். கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை நல்ல உலர் உணவிலேயே நலமாக வாழும். கோல்டு பிஷ் நம் பட்டாணியையே தின்னும். அரோவானாவை வாங்கிய பிறகு பாட்டியோடு வாதாடுவதைவிட, வாங்கும் முன் பாட்டியைக் கலந்துகொள்வது மேல்.

9. விலைக் கணக்கு

100 கிராம் உறைந்த உணவில் தண்ணீர் போக மிஞ்சுவது சுமார் 10 கிராம். 100 கிராம் குருணையில் 90 கிராமுக்கு மேல் சத்துப் பொருள். ஆகவே இரண்டின் விலையும் ஒன்றே என்றால், உறைந்த உணவு உண்மையில் ஒன்பது மடங்கு விலை கூடியது. தினசரிச் சாப்பாடு குருணை, வாரம் இரண்டு நாள் விருந்து உறைந்த உணவு என்று வைத்துக்கொண்டால் மீனுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. மலிவு அட்டையை நிறைய வாங்குவதைவிட, நல்ல அட்டையைக் குறைவாக வாங்குங்கள்.

சிறுவர் சிறுமியருக்குச் சில கேள்விகள். விடைகள் மேலே உள்ளன. பெற்றோர் உதவியின்றிக் கண்டுபிடியுங்கள்.

(1) பிளட் வார்ம் ஏன் சிவப்பாக இருக்கிறது?

(2) உப்புநீர்ப் புட்டி வெறும் நீர்ப் புட்டியைவிட ஏன் மேல்?

(3) 30 கட்டி உள்ள அட்டையில், வாரம் இரண்டு நாள், நாளைக்குக் கால் கட்டி வீதம் போட்டால் எத்தனை வாரம் வரும்? உங்கள் வீட்டு ஃப்ரீஸரில் அத்தனை வாரம் வைக்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு விடை கண்டவர்கள், அட்டையை எந்த நண்பரோடு பங்கு போடுவது என்றும் யோசித்து வையுங்கள்.